மலை வீட்டு ஏசி ஃபில்டர்: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீடுகளிலும் ஹோம்ஸ்டேக்களிலும் இப்போது அதிகம் மாட்டுவது சூடும் குளிரும் தரும் ஸ்பிளிட் ஏசிதான். "சூடே வரல", "நாத்தம் அடிக்குது", "தண்ணி சொட்டுது" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி ஃபில்டரில் போய் முடிகிறது. ஆனால் மெக்கானிக் வந்ததும் பேச்சு முதலில் கேஸில்தான் (ஏசிக் குழாய்களுக்குள் ஓடும் குளிரூட்டும் வாயு) தொடங்கும். கேஸ் நிரப்பப் பணம் கொடுத்த பிறகும் பழுது அப்படியே இருக்கும். ஆகவே, தலைவலியோடு வரும் புகை வாடையைத் தவிர, எந்த அறிகுறியாக இருந்தாலும் ஃபில்டரை முதலில் பாருங்கள், கேஸைக் கடைசியில் பாருங்கள்.

சமவெளியில் ஃபில்டரை அடைப்பது காய்ந்த தூசி. தட்டினால் பாதி உதிர்ந்துவிடும். மலையில் மூடுபனியின் ஈரமும் கம்பளிப் பஞ்சும் விறகுப் புகையும் தூசியோடு சேர்ந்து பசையாக ஒட்டிக்கொள்ளும். பார்வைக்கு மெல்லிய படலமாகத் தெரிந்தாலும் காற்றை மறித்துவிடும். உயரமும் ஒரு காரணம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் காற்று எடுத்துச் செல்லும் வெப்பம் குறையும். அதனால் கோவையில் யாரும் கவனிக்காத அளவு அடைப்புகூட ஊட்டியில் உடனே தெரியும்.

எதற்கும் முன்னால்: ஃபில்டரைக் கழற்றுவது, கழுவுவது, உலர்த்துவது

ரிமோட்டில் அணைத்தால் போதாது. எம்சிபியையோ (மீட்டர் பெட்டியில் ஏசிக்கான சுவிட்ச்) ஸ்டெபிலைசர் சுவிட்சையோ அணைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். முன்மூடியை இரண்டு பக்கமும் பிடித்து, 'டக்' என்று நிற்கும்வரை மேலே தூக்குங்கள். பெரும்பாலான மாடல்களில் இடதும் வலதுமாக இரண்டு நைலான் வலைகள் இருக்கும். கீழ் ஓரத்தில் உள்ள பிடியைச் சற்று மேலே தள்ளி முன்னால் இழுத்தால் கீழ்ப்பக்கமாக வந்துவிடும். சில மாடல்களில் ஃபில்டர் மேலிருந்து வரும். இழுத்து வராவிட்டால் கையேட்டைப் பாருங்கள், பலம் காட்டாதீர்கள். உள்ளே தெரியும் அலுமினியத் தகடுகளை, அதாவது காயிலை, தொட வேண்டாம். விரலைக் கிழிக்கும், தகடும் மடங்கும்.

வலையில் கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளிகள் இருந்தால் அது பூசணம். முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே எடுத்துப் போங்கள்.

கழுவும்போது தண்ணீர் உள்பக்கத்திலிருந்து, அதாவது காயிலைப் பார்த்து இருந்த பக்கத்திலிருந்து, வெளிப்பக்கமாக ஓட வேண்டும். எதிர்ப்பக்கமாகப் பீய்ச்சினால் அழுக்கு வலைக்குள் இன்னும் இறுகும். பிசுக்கு இருந்தால், பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு தேக்கரண்டியை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து இருபது நிமிடம் ஊறவிட்டு, பழைய மென்மையான டூத்பிரஷால் தேயுங்கள். கீசர் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். 40 டிகிரிக்கு மேல் சூடானால் சட்டம் வளையும். வளைந்த சட்டம் ஓரத்தில் இடைவெளி விடும், தூசி அந்த வழியாக நேரே காயிலுக்குப் போய்விடும்.

பெரும்பாலும் தவறு நடப்பது உலர்த்துவதில். மூடுபனி நாளில் கொடியில் போட்ட துணி எப்படிக் காயாதோ அப்படியே இதுவும் காயாது. நன்றாக உதறி, இரண்டு பருத்தித் துண்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எடுங்கள். பிறகு அறைக்குள் நிழலில், டேபிள் ஃபேன் காற்று படும்படி நிறுத்தி வையுங்கள். மலை வீடுகளில் ஃபேன் இருப்பதே அரிது. இல்லையென்றால் ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள். கணப்பின் மேலோ ரூம் ஹீட்டரின் முன்னாலோ வைக்க வேண்டாம். டிஷ்யூ காகிதத்தை வலையில் அழுத்திப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் இன்னும் காயவில்லை. அரைகுறையாகக் காய்ந்ததை மாட்டுவது கழுவாமல் விடுவதைவிடக் கெடுதல். ஈரமான வலையில் பூசணம் சில நாளிலேயே பிடித்துவிடும்.

இதற்கு நல்ல தீர்வு இன்னொரு ஜோடி ஃபில்டர் வாங்கி வைப்பதுதான். உள் யூனிட்டின் ஓரத்தில் உள்ள லேபிளில் இருக்கும் மாடல் எண்ணைச் சொன்னால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் வரவழைத்துத் தருவார்கள். ஒன்று காயும்போது மற்றது ஓடும். மலையில் ஏசி வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் இந்தச் செலவு வீண் போகாது.

அறிகுறி: ஹீட்டில் போட்டும் சூடு வரவில்லை, அல்லது வந்து வந்து நிற்கிறது

முதலில் இது பழுதா என்று பாருங்கள். மூன்று விஷயங்கள் பழுது போலத் தெரியும், பழுதல்ல.

போட்டவுடன் சில நிமிடம் உள் ஃபேன் சுற்றாது. காயில் சூடாகும்வரை குளிர்காற்றை முகத்தில் அடிக்க வேண்டாம் என்று ஏசியே காத்திருக்கிறது.

உறைபனிக் காலத்தில், டிசம்பர், ஜனவரி இரவுகளில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐந்திலிருந்து பத்து நிமிடம் சூடு நின்று, வெளி யூனிட்டிலிருந்து புகை போல ஆவி கிளம்பும். வெளிக் காயிலில் படிந்த பனியை ஏசி தானே உருக்கிக்கொள்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இப்படி நடந்தால்கூடப் பயப்பட ஒன்றுமில்லை. புகை என்று நினைத்து அணைத்தால் பனி பாதியிலேயே நின்று இன்னும் கட்டியாகும்.

மூன்றாவது, உங்கள் ஏசியில் ஹீட் வசதியே இல்லாமல் இருக்கலாம். சில நிறுவனங்கள் எல்லா மாடலுக்கும் ஒரே ரிமோட்டைக் கொடுக்கின்றன. ரிமோட்டில் சூரியன் படம் இருப்பதாலேயே யூனிட் சூடாக்கும் என்று ஆகிவிடாது. லேபிளில் சூடாக்கும் திறன் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இவை மூன்றும் இல்லையென்றால் இனி வரிசையாகப் பாருங்கள்.

*ஃபில்டர்.* கழற்றி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வலை வழியாக வெளியே உள்ள மரம் தெளிவாகத் தெரியாவிட்டால் கழுவ வேண்டும். ஹீட்டில் அடைபட்ட ஃபில்டர் இப்படித்தான் படுத்தும்: உள் காயிலில் சேரும் வெப்பத்தை எடுத்துப் போகக் காற்று போதாது, அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் அல்லது நின்றுவிடும். சற்று ஆறியதும் மீண்டும் ஓடும். "பத்து நிமிஷம் வருது, அப்புறம் நிக்குது" என்ற புகாருக்கு இதுவே முதல் சந்தேகம்.

*காற்றுத் திசை.* சூடான காற்று மேலே போகும். காற்றைத் திருப்பும் மடல் நேராகவோ மேல்நோக்கியோ இருந்தால் சூடு கூரையிலேயே தங்கும். உயரமான ஓட்டுக்கூரை வைத்த பழைய பங்களாக்களில் இது அதிகம். மடலைக் கீழ்நோக்கி வைத்து ஃபேன் வேகத்தைக் கூட்டுங்கள்.

*வெளி யூனிட்.* அதில் ஃபில்டர் கிடையாது. பின்பக்கத் தகடுகளில் சைப்ரஸ் இலை, பைன் ஊசி, சிலந்தி வலை, காட்டுப் புல் சேர்ந்திருந்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டு மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாக மட்டும் தள்ளுங்கள். யூனிட் தரையோடு தரையாக இருந்தால், உருகிய தண்ணீர் அடியிலேயே உறைந்து ஃபேனைப் பிடிக்கும். தரையிலிருந்து பதினைந்து சென்டிமீட்டராவது உயர்த்தி வைக்க வேண்டும். குழாய்களைச் சுற்றியுள்ள கறுப்பு நுரை உறையையும் பாருங்கள். குரங்கும் எலியும் கடித்து எடுத்திருந்தால் சூடு வழியிலேயே போய்விடும். புது உறை சுற்றி, மேலே குரங்கு கைவைக்க முடியாதபடி பிவிசி குழாயோ தகர மூடியோ போடுங்கள்.

*மின்னழுத்தம்.* மாலை ஆறு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் கீசரும் ஹீட்டரும் ஓடும். ஸ்டெபிலைசரில் காட்டும் எண் தாழ்ந்து போகும் நேரமும் சூடு நிற்கும் நேரமும் ஒன்றாக இருந்தால் ஏசியில் கை வைக்காதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

*சோதனை.* சுத்தமான ஃபில்டர் மாட்டி, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, இருபது நிமிடம் ஹீட்டில் ஓட விடுங்கள். சாதாரண ரூம் தெர்மாமீட்டரை முதலில் யூனிட்டின் மேற்பக்கம் காற்று உள்ளே போகும் இடத்திலும், பிறகு காற்று வெளியே வரும் இடத்திலும் வைத்து அளவெடுங்கள். நன்றாக இருக்கும் ஏசியில் இரண்டுக்கும் பதினைந்து டிகிரிக்குக் குறையாத வித்தியாசம் வரும். பனி உருக்கும் நேரத்தில் அளந்தால் கணக்கு தப்பும்.

வித்தியாசம் ஐந்தாறு டிகிரிதான் என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கேஸ் என்பது பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருளல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசியும் இடத்தைக் காட்டாமல் நிரப்ப மட்டும் வந்தால் சம்மதிக்காதீர்கள். வெளி யூனிட்டில் குழாய் இணையும் பித்தளை நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துச் சொல்லலாம். இன்னொன்றும் மனதில் வையுங்கள். குளிர்ந்த மலைக் காற்றில் கூல் மோடு போட்டு, கேஜ் என்ற அழுத்தமானியை வைத்தால் அழுத்தம் இயல்பாகவே குறைவாகக் காட்டும். சமவெளி எண்ணுக்குப் பழகியவர் அதைக் கேஸ் குறைவு என்று எடுத்துக்கொண்டு கூடுதலாக ஏற்றிவிடுவார். உள்ளே இருப்பதை முழுக்க எடுத்துவிட்டு, லேபிளில் அச்சாகியிருக்கும் கிராம் கணக்குப்படி எடைபோட்டு நிரப்பச் சொல்லுங்கள். ஆர்32 கேஸ் தீப்பற்றக்கூடியது. வீட்டில் யாரும் அந்த நட்டைத் திறக்கக் கூடாது.

அறிகுறி: போட்டவுடன் ஈர நாற்றம், பூசண வாடை

ஃபில்டரைக் கழற்றி நேராக மூக்கருகே பிடித்துப் பாருங்கள்.

நாற்றம் ஃபில்டரில் இருந்தால் கழுவி முழுதாக உலர்த்துங்கள். இரண்டு முறை கழுவியும் வாடை போகாவிட்டாலோ, கறுப்புப் புள்ளி நைலான் இழைக்குள் இறங்கியிருந்தாலோ புதிது வாங்குங்கள். வலைக்குப் பின்னால் சிறிய செவ்வகத் துண்டு ஒன்று செருகியிருக்கும். கார்பன் என்றோ பிஎம் 2.5 என்றோ அதில் எழுதியிருக்கும். பலர் அதை மறந்தே போகிறார்கள். இவற்றில் பலவற்றைத் தண்ணீரில் போடக் கூடாது, கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். கெட்டுப்போனதை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டாலும் ஏசிக்கு ஒன்றும் ஆகாது.

ஃபில்டரில் வாடை இல்லை, காற்றில் மட்டும் இருக்கிறது என்றால் டார்ச் அடித்து மடல் வழியாக உள்ளே பாருங்கள். காற்றை வீசும் உருளை வடிவ புளோவரில் கறுப்புப் புள்ளிகள் அப்பியிருக்கும். ஹீட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஈரம் காயும், வாடை குறையும், ஆனால் பூசணம் அங்கேயேதான் இருக்கும். புளோவரையும் காயிலையும் கழற்றிக் கழுவுவது மெக்கானிக் வேலை. கடையில் விற்கும் நுரை ஸ்பிரே காயிலின் முன்முகத்தை மட்டும் தொடும், புளோவரை எட்டாது. பிளீச்சிங் கரைசல் வேண்டவே வேண்டாம். அலுமினியத்தை அரித்துவிடும்.

திரும்ப வராமல் தடுக்க ஒரு பழக்கம் போதும். கூலிலோ, ஈரம் எடுக்கும் ட்ரை மோடிலோ ஓட்டிய பிறகு உடனே அணைக்காமல் அரை மணி நேரம் ஃபேன் மோடில் விடுங்கள். வெளியே மூடுபனி அடர்ந்திருக்கும் நாளில் ஃபேனுக்குப் பதில் ஹீட்டில் பத்து நிமிடம் ஓட்டுவது நல்லது. ஈரக் காற்றைச் சுற்றவிட்டு ஈரத்தைப் போக்க முடியாது.

ஃபில்டரிலும் புளோவரிலும் ஒன்றுமில்லை என்றால் யூனிட்டுக்குப் பின்னால் உள்ள சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கமும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமும் மழை அடிக்கும் சுவரே ஈரம் குடித்திருக்கும். அதற்கு ஏசி மெக்கானிக் ஒன்றும் செய்ய முடியாது, கொத்தனார்தான் வர வேண்டும்.

அறிகுறி: புகை வாடை, கூடவே தலைவலி

இதில் ஃபில்டரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஜன்னலையும் கதவையும் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்புகிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. மூடிய அறையில் கரி அடுப்போ பார்பெக்யூ அடுப்போ வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நைலான் வலையோ ஹெப்பாவோ (நுண்தூசி பிடிக்கும் ஃபில்டர்) கார்பன் ஃபில்டரோ எதுவும் அதைப் பிடிக்காது. தலைவலி, வாந்தி, மயக்கம் இருந்தால் 108க்கு அழையுங்கள். படுக்கையறைக்குள் கரி நெருப்பு எந்தக் குளிரிலும் கூடாது. ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் இதை அறையில் எழுதியே ஒட்ட வேண்டும்.

புகைபோக்கி உள்ள கணப்பிலிருந்து லேசான வாடை மட்டும் என்றால் புகைபோக்கியைச் சுத்தம் செய்த பிறகு ஃபில்டருக்கு வாருங்கள். கணப்பு எரியும் நேரத்தில் ஏசியை அணைத்து வைத்தால் வலையில் கரிப்பிசுக்கு ஏறாது.

அறிகுறி: உள் யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது

எந்த மோடில் சொட்டுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

*கூல் அல்லது ட்ரை மோடில் சொட்டினால்* மூடியைத் திறந்து காயிலைப் பாருங்கள். வெள்ளையாக ஐஸ் இருக்கிறதா?

ஐஸ் இருந்தால் அணைத்துவிட்டு ஃபேனில் மட்டும் ஓட்டி உருகவிடுங்கள். கத்தியாலோ கரண்டியாலோ சுரண்டக் கூடாது. உருகியதும் ஃபில்டரைக் கழுவி மீண்டும் பாருங்கள். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் ஐஸ் கட்டினால் அறையின் குளிரைக் கவனியுங்கள். துணிமணி ஈரம் காய இரவில் ட்ரை போட்டு வைப்பது மலையில் வழக்கம். ஆனால் பல மாடல்கள் அறை 18 டிகிரிக்குக் கீழே போனால் கூலுக்கும் ட்ரைக்கும் ஏற்றவை அல்ல, காயில் உறைந்துவிடும். எந்த அளவுவரை என்பது கையேட்டில் இருக்கும். அந்தக் குளிரில் ஈரம் எடுக்க டீஹியூமிடிஃபையர் வேறாக வைத்துக்கொள்ள வேண்டும். அறை இருபதுக்கு மேல் இருந்து, ஃபில்டரும் சுத்தமாக இருந்து, அப்போதும் ஐஸ் என்றால் கேஸ் கசிவோ சென்சார் பழுதோ இருக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஐஸ் இல்லாவிட்டால் டிரெயின் பைப் அடைப்பு. வெளியே அதன் முனையைப் பாருங்கள். பக்கெட் தண்ணீருக்குள் முங்கியிருந்தால் வெளியே எடுங்கள், முங்கிய குழாயில் காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காது. நடுவில் மேலே ஏறி இறங்கும் வளைவு இருந்தால் நேராக்குங்கள். முனையில் பாசியோ பூச்சிக் கூடோ இருந்தால், ஈரத்தையும் இழுக்கும் வாக்குவம் கிளீனரின் குழாயைத் துணி சுற்றி முனையில் பொருத்தி ஒரு நிமிடம் இழுக்கவிடுங்கள். உள்ளிருந்து பலமாகக் காற்று ஊத வேண்டாம், இணைப்பு கழன்று சுவருக்குள் கசியும்.

*ஹீட் மோடில் சொட்டினால்* அது பெரும்பாலும் ஏசி உண்டாக்கிய தண்ணீரே அல்ல. சூடான காயிலில் ஈரம் சேராது. வெளி யூனிட் அடியில் ஒழுகினால்தான் அந்த மோடில் இயல்பு. உள்ளே சொட்டுகிறது என்றால், பெரும்பாலும் குழாய் போகும் சுவர்த் துளை வழியாக மழை வருகிறது. துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், வெளியே புட்டி வைத்து அடைத்திருக்க வேண்டும், குழாய் சுவருக்குள் நுழையும் முன் ஒருமுறை கீழே இறங்கி வளைய வேண்டும். இந்த மூன்றில் எது இல்லை என்று பாருங்கள். இதற்காக ஃபில்டரும் வேண்டாம், கேஸும் வேண்டாம்.

அறிகுறி: கழுவிய ஒரு வாரத்திலேயே ஃபில்டர் அடைபடுகிறது

அழுக்கின் நிறமே எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடும்.

சாம்பல் நிறப் பஞ்சு என்றால் கம்பளி, ஸ்வெட்டர், ரக், கார்ப்பெட். மலை வீட்டில் இதுவே அதிகம். கம்பளிகளை வெயில் வரும் நாளில் வெளியே உதறுங்கள், ஏசிக்கு நேர் கீழே கட்டிலைப் போடாதீர்கள். கறுப்பாகவும் கையில் ஒட்டுவதாகவும் இருந்தால் விறகுப் புகை, கொசுவர்த்தி, ஊதுபத்தி, அல்லது தாளிக்கும் எண்ணெய் ஆவி. சமையலறைக் கதவை மூடி வைத்தால் பாதி குறையும். செம்பழுப்புத் தூள் என்றால் சாலை மண் அல்லது பக்கத்து வீட்டுக் கட்டட வேலை. தேயிலைத் தொழிற்சாலையை ஒட்டிய வீடுகளில் பழுப்பு இழை போன்ற மெல்லிய தேயிலைப் பஞ்சு இருக்கும். அந்தப் பக்கத்து ஜன்னலைத் தொழிற்சாலை ஓடும் நேரத்தில் மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. மஞ்சள் மாவு என்றால் பைன், சைப்ரஸ் மரங்களின் மகரந்தம். அது சில வாரத்தில் தானே ஓயும்.

நாள் கணக்கு வேண்டுமென்றால், தினமும் ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிப் பாருங்கள். கணப்பு எரியும் வீட்டில் வாரம் ஒரு முறை. மாதக்கணக்கில் ஓடாமல் இருந்த ஏசியை, ஏப்ரல் சீசனுக்கோ டிசம்பர் குளிருக்கோ மறுபடி போடும் முன் கண்டிப்பாகக் கழுவுங்கள்.

வலையின் மேல் ஒட்டிக்கொள்ளும் ஃபில்டர் ஷீட், ரோல்களாக ஆன்லைனில் நிறைய விற்கிறார்கள். தூசி குறையும் என்பது உண்மைதான், ஆனால் காற்றும் குறையும். ஏசியின் ஃபேன் அந்த மெல்லிய வலைக்கு மட்டும் ஏற்றது. மலையில் காற்று ஏற்கெனவே லேசாக இருக்கும்போது அதன் மேல் இன்னொரு தடுப்பு போட்டால் முதல் அறிகுறியில் சொன்ன 'பத்து நிமிடத்தில் நிற்கும்' பழுதை நீங்களே வரவழைத்ததாகிவிடும். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் நுண்தூசி பிடிக்க வேண்டுமென்றால் தனியாக ஏர் பியூரிஃபையர் வையுங்கள்.

அறிகுறி: ஃபில்டர் விளக்கு அணையவில்லை

பெரும்பாலான ஏசிகளில் அது அழுக்கைப் பார்த்து எரிவதில்லை, ஓடிய மணி நேரத்தை எண்ணி எரிகிறது. கழுவிய பிறகு ரீசெட் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். விளக்கு எரியவில்லை என்பதற்காக ஃபில்டர் சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். எல்லா விளக்கும் ஒழுங்காக விட்டுவிட்டு மின்னினால் அது பிழைக் குறியீடு. எத்தனை முறை மின்னுகிறது என்று எழுதி வைத்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

அறிகுறி: சத்தம்

விசில் சத்தம் என்றால் ஃபில்டர் காடியில் சரியாக உட்காரவில்லை, அல்லது அடைபட்டிருக்கிறது. ஹீட் போட்டதும் அணைத்ததும் 'படக் படக்' என்றால் பிளாஸ்டிக் விரிந்து சுருங்கும் சத்தம், விட்டுவிடலாம். ஒரே தாளத்தில் தட்டும் சத்தம் என்றால் புளோவரில் ஒரு பக்கம் மட்டும் அழுக்கு அப்பியிருக்கிறது. அதைப் பல மாதம் விட்டால் மோட்டார் பேரிங் போய்விடும்.

அறிகுறி: பியூரிஃபையர் எப்போதும் சிவப்பு காட்டுகிறது

ஜன்னல் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தக் கருவிகளின் சென்சார் ஒளியை வைத்துத் துகளை எண்ணுகிறது. மூடுபனியின் நீர்த்துளிகளையும் தூசி என்றே எண்ணிக்கொள்ளும். ஜன்னலை மூடி அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் சிவப்பு என்றால், புது ஃபில்டரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துத்தான் மாட்டினீர்களா? உறையோடு ஓடும் பியூரிஃபையர் பல வீடுகளில் இருக்கிறது. சென்சார் துளையில் சேர்ந்த தூசியைக் காய்ந்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ஹெப்பாவை ஒருபோதும் கழுவாதீர்கள். நனைந்த ஹெப்பா காய்ந்தாலும் பழையபடி பிடிக்காது. முன்வலையை மட்டும் கழுவலாம்.

டீஹியூமிடிஃபையரில் தொட்டி நிறைவது குறைந்தால் பின்வலையைக் கழுவுங்கள். கம்ப்ரசர் உள்ள வகை 15 டிகிரிக்குக் கீழே போனால் திணறும். ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு, ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்த டெசிகன்ட் வகைதான் ஏற்றது.

டக்ட் வைத்த வீடுகளில்: எந்த ஃபில்டர், எப்படி மாற்றுவது

சில பெரிய பங்களாக்களிலும் ஹோம்ஸ்டேக்களிலும் கூரைக்குள் யூனிட்டும், அறைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும் டக்ட் குழாய்களும், காற்று திரும்பிப்போகும் ஜாலிக்குள் ஃபில்டரும் இருக்கும். காற்று எல்லா அறையிலும் மெலிந்தால் ஃபில்டர், ஓர் அறையில் மட்டும் மெலிந்தால் அந்த அறையின் டக்ட் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃபில்டரை எடுத்துவிட்டு அது உட்கார்ந்திருந்த காடியை டேப்பால் மில்லிமீட்டரில் அளங்கள். சட்டத்தில் அச்சாகியிருக்கும் அங்குல அளவு பெயரளவுதான். 20க்கு 20க்கு 1 என்று போட்டிருப்பது உண்மையில் ஒவ்வொரு பக்கமும் கால் முதல் அரை அங்குலம் வரை குறைவாக இருக்கும். அளவு தவறி வாங்கினால் ஓர இடைவெளி வழியாகவே காற்று போகும். ஃபில்டர் பளிச்சென்று இருக்கும், காயில் கறுத்துப் போகும். கிடைக்காத அளவுக்குக் கோவையில் சட்டம் செய்து தருவார்கள்.

தரத்தை மெர்வ் என்ற எண் காட்டும்; எண் கூடினால் இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிக்கும். மெர்வ் 8 பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். விறகுப் புகை, நாய், ஒவ்வாமை இருந்தால் மெர்வ் 11. மெர்வ் 13ஐ ஒரு அங்குல காடியில் திணிக்காதீர்கள். நான்கு அங்குல ஆழக் காடி இருந்து, நிறுவியவர் அழுத்தத்தை அளந்து சரி என்று சொன்னால் மட்டும் போடலாம். மாட்டும்போது சட்டத்தில் உள்ள அம்புக்குறி யூனிட்டின் ஃபேனை நோக்கி இருக்க வேண்டும். மாட்டிய தேதியைச் சட்டத்திலேயே பேனாவால் எழுதுங்கள். ஒரு அங்குல ஃபில்டரை ஒன்றிலிருந்து மூன்று மாதத்திலும், நான்கு அங்குலத்தை ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்திலும் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் அட்டைச் சட்டம் ஈரத்தில் தொய்ந்தால் தேதி பார்க்காமல் மாற்றுங்கள். பழையதைத் தட்டாமல் செய்தித்தாளில் சுற்றி உலர் குப்பையில் கொடுங்கள். தோட்டத்தில் எரிக்க வேண்டாம், அதில் இருப்பது பிளாஸ்டிக் இழை.

மெக்கானிக்கை வரவழைக்கும்போது

மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ மலை ஏறி வருபவர் உதிரிபாகம் இல்லாமல் வந்தால் ஒரு நாள் வீண். போனிலேயே இவற்றைச் சொல்லிவிடுங்கள்: உள், வெளி யூனிட் இரண்டின் மாடல் எண், கேஸ் வகை, எந்த மோடில் பழுது, ஃபில்டர் கழுவிய பிறகும் இருக்கிறதா, தெர்மாமீட்டரில் வந்த இரண்டு எண்கள், அப்போது வெளியே என்ன குளிர், விளக்கு எத்தனை முறை மின்னியது, ஸ்டெபிலைசர் காட்டிய வோல்ட். கேஸ் வேலை என்றால் எடைபோடும் தராசும் வாக்குவம் பம்ப்பும் கொண்டுவரச் சொல்லுங்கள். எரிந்த வாடை, எம்சிபி திரும்பத் திரும்ப விழுவது, உள் யூனிட்டில் தண்ணீர் வலப்பக்கம் சர்க்யூட் போர்டு பக்கமாக இறங்குவது, இந்த மூன்றில் எது இருந்தாலும் அவர் வந்து பார்க்கும்வரை எம்சிபியைப் போடாதீர்கள்.